வரிக் கடதாசியும் பிரஜாவுரிமையும்: 1949 முதல் இன்றுவரை

பிரஜாவுரிமை கேட்டு வருபவரிடம் எந்த அரசும் முதலிற் கேட்கும் வினாக்கள் இரண்டு. இங்கே எத்தனை ஆண்டுகள் இருந்தீர்? இருந்த காலத்தில் எவ்வாறு நடந்துகொண்டீர்? இவ்விரண்டுக்கும் ஒருங்கே விடைகூறக்கூடிய ஆவணம் ஒன்று உண்டெனில், அது வருமான வரிக் கடதாசியேயாகும். அது ஆண்டுதோறும் எழுதப்படுவது, திகதியிடப்படுவது, பெயர், முகவரி, தொழில், வருமானம், குடும்பம் ஆகிய யாவற்றையும் தாங்கி நிற்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் பிரதியொன்று அரசாங்கத்தின் சொந்தக் கோவையிலேயே கிடப்பது.

கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரித்தானியாவிலும் வாழும் நம்மவர் பலர் அண்மைக் காலத்தில் என்னிடம் இதுபற்றி விசாரித்து வருகின்றனர். வரி விபரத்திரட்டு அனுப்புவதற்கும் குடியுரிமைக்கும் என்ன தொடர்பு என்பதே அவர்களது கேள்வி. சட்ட ஆலோசனை கூறுவது எனது தொழிலன்று. ஆனால், இக்கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் மிகக் கசப்பான அத்தியாயம் நமது நாட்டின் மலையகத்திலேயே எழுதப்பட்டது என்பதைப் புலம்பெயர்ந்தோரில் இளையோர் பலர் அறியார். ஆதலால், அங்கிருந்தே தொடங்குகின்றேன்.

வரி கொடுத்தும் சீட்டுப் பெறாதோர்

இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலமே அறிமுகமானது. அதற்கு முந்திய நூறாண்டுகளில் அரசின் திறைசேரியை நிரப்பியவை பெரும்பாலும் சுங்க வரிகளும் பிற மறைமுக வரிகளுமே. இறக்குமதி அரிசிக்கு வரி இருந்தது. தோட்டத் தொழிலாளி உண்டது இறக்குமதி அரிசியையே. நெல் உற்பத்தி செய்தோர் செலுத்திய தானிய வரி 1892இல் நீக்கப்பட்டபோதும், வெளியிலிருந்து வந்த அரிசி மீதான வரி தொடர்ந்தது. ஆகவே, கொழும்பிலே மாளிகை கட்டி வாழ்ந்த செல்வந்தர் நேரடி வருமான வரி எதுவுமின்றி வாழ்ந்த காலத்தில், லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவர் தமது சோற்றுடன் சேர்த்து வரியையும் விழுங்கிக்கொண்டிருந்தார். ஆனால், அந்த வரிக்கு எவரும் அவருக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. மறைமுக வரியின் இயல்பு அதுவே. கொடுப்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

பெயர் ஏறக்கூடிய வரிகளும் இருந்தன. 1848ஆம் ஆண்டு தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் வந்த வீதிச் சட்டம், வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம் என்பது வாசகர்கள் அறிந்ததே. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த குடியேற்றத் தொழிலாளருக்கு அவ்வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தொழிலாளர் மீதுள்ள இரக்கத்தினால் அன்று. வேலைநாட்களை இழக்கத் தோட்டத்துரைமார் விரும்பாமையினாலேயே அந்த விலக்கு எனக் கருத இடமுண்டு. அக்காலத்தில் அது சலுகையாகத் தோன்றியிருக்கும். ஆனால், கிராமத்துக் குடியானவர் ஒருவரின் பெயர் வரிப் பதிவிலே தலைமுறை தலைமுறையாக ஏறிக்கொண்டிருந்தபோது, தோட்டத்துத் தொழிலாளியின் பெயர் துரையின் செக்ரோலில் மாத்திரமே இருந்தது.

உள்ளூராட்சியிலும் இதே கதைதான். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், காம்பராவுக்கு இலக்கம் இல்லை, சோலைவரி இல்லை. 1937ஆம் ஆண்டளவில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்ட லயங்களில் வதிந்த தொழிலாளர் கிராமச் சபை வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அரை நூற்றாண்டு கழித்து, 1987இல் வந்த பிரதேச சபைச் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தாமாகச் சேவை செய்ய வழிவிடவில்லை. அந்தத் தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே தளர்ந்தது. வரி கொடுக்காதவருக்குச் சேவை எதற்கு என்பது பேச்சுவழக்கில் அடிபட்ட நியாயம். வரி கொடுக்கும் நிலையில் அவரை வைத்தது யார் என்பது எவரும் கேளாத கேள்வி.

1949ஆம் ஆண்டின் வினாத்தாள்

1948 பெப்ரவரி 4ஆம் திகதி நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்த ஒருவர் தமது தந்தையும் இலங்கையிற் பிறந்தவர் என்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டும் என அது கூறிற்று. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறத் தொடங்கியதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் என்னும்போது, பாட்டனின் பிறப்புச் சான்றிதழை எங்கே தேடுவது? கிராமத்துச் சிங்களவரிடமும் யாழ்ப்பாணத் தமிழரிடமும் இக்கேள்வி நடைமுறையிற் கேட்கப்படவில்லை. மலையகத்தவரிடமே கேட்கப்பட்டது.

அவர்களுக்கென வேறொரு வாசல் திறக்கப்படுவதாகக் கூறி வந்ததே 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டம். திருமணமானவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முந்திய 7 ஆண்டுகளும், மற்றையோர் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கு வதிந்திருக்க வேண்டும். அன்று முதல் விண்ணப்பத் திகதி வரையும் வதிவிடம் தொடர்ந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டு நீங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். விண்ணப்பிப்பதற்கு 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி வரை, அதாவது இரண்டு ஆண்டுகளே தவணை.

நமது பொருளுக்கு முக்கியமான நிபந்தனை இனித்தான் வருகிறது. விண்ணப்பதாரி நியாயமான அளவில் நிச்சயமான வருமானம் உடையவராக, அல்லது தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காப்பாற்றத்தக்க தொழிலோ வியாபாரமோ சட்டபூர்வமான சீவனோபாயமோ உடையவராக இருத்தல் வேண்டும் என்றது சட்டம். குடியுரிமைச் சட்டத்துக்குள் வருமானம் என்ற சொல் நுழைந்துவிட்டது. வருமானம் என்ற சொல் நுழைந்தால், அதனை நிரூபிக்கும் கடதாசியும் பின்னாலேயே வரும்.

இங்கேதான் ஒரே இனத்தவர் இரு கூறாயினர். கொழும்பு செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் வியாபாரம் செய்த ஒருவருக்கு 1932 முதல் வருமான வரிக் கோவை இருந்திருக்கக்கூடும். அக்கோவையின் ஒவ்வோர் ஆண்டுத் தாளும் அவரது வதிவிடத்துக்கும் வருமானத்துக்கும் சாட்சி. தோட்டத் தொழிலாளியின் வேதனமோ வரி எல்லையை எட்டிப்பார்க்கக்கூட முடியாதது. அவரிடம் இருந்தவை அரிசிக் கூப்பன் புத்தகம், பிள்ளையின் பாடசாலைப் பதிவு, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாறியபோது பெற்ற விலகற் சீட்டு என்பனவே. அதற்கு முந்திய தலைமுறையிடம் இருந்தது துண்டு. கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதப்பட்ட அந்தத் துண்டு 1921இல் ஒழிக்கப்பட்டது. ஒரு மனிதர் இந்நாட்டில் இருந்தார் என்பதற்கு அவரது கடன் கணக்கே சாட்சியாக இருந்த காலம் அது.

பணமனுப்பிய படிவம் சொன்ன சாட்சி

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விசாரணைகளில் நிகழ்ந்த ஒரு விடயம், இன்று வெளிநாடுகளில் வாழும் நம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் இருந்த தாய் தந்தையருக்கோ உடன்பிறந்தாருக்கோ பணம் அனுப்ப விரும்பியவர்கள் நாணயக் கட்டுப்பாட்டுப் படிவங்களை நிரப்பினர். அவ்வாறு அனுப்பும் வசதியைப் பெறுவதற்காகத் தம்மைத் தற்காலிக வதிவாளர் என்று அவற்றிற் குறித்தவர்களும் உண்டு. படிவத்தை நிரப்பித் தந்தவர் கணக்கப்பிள்ளையோ கடைக்காரரோ ஆக இருந்திருக்கலாம். கைநாட்டு இட்டவருக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்பதே தெரியாமலும் இருந்திருக்கலாம். ஆனால், பிரஜாவுரிமை விசாரணையில் அந்தப் படிவமே அவருக்கு எதிராக மேசைக்கு வந்தது. இந்நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதற்கு அதுவே ஆதாரமாயிற்று.

ஒரு காரியத்துக்காக எழுதப்படும் கடதாசி இன்னொரு காரியத்திற் சாட்சி சொல்லும் என்பதே இதன் பாடம். எழுதியவர் மறந்துவிடுவார். கோவை மறக்காது.

ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. இறுதியிற் பதிவு பெற்றோர் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே. ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு இது. இதற்கிடையே 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்க இயலாதோராயினர். கேகாலை மாவட்டத்தில் கோடகன்பிள்ளை என்பவரின் பெயரை இடாப்பிற் சேர்ப்பது பற்றி எழுந்த வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து இலண்டன் பிறிவிக் கவுன்சிலுக்கும் சென்றது. தனது பிரஜைகள் யார் என்பதைத் தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்குரிய இயல்பான அதிகாரம் என்று 1953இல் தீர்ப்பாயிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரஜாவுரிமை பெற வழி இருக்கிறது என்பதும் அத்தீர்ப்பிற் கவனத்துக்கு எடுக்கப்பட்டது. வழி இருந்தது மெய். அவ்வழியாற் செல்லக் கடதாசி வேண்டும் என்பதும் மெய்.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், எழுபதுகளின் முற்பகுதியில், அற்றன் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா செல்வோர் பெட்டி படுக்கை கட்டிக்கொண்டிருந்த காலம். தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதத்தை மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தனர். லயத்து வாசலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் தகரப் பெட்டியொன்றைத் திறந்து காட்டினார். கிழிந்த கூப்பன் மட்டைகள், மகனின் பாடசாலைக் கடிதம், நிராகரிப்புக் கடிதம் என யாவும் துணியிற் சுற்றிப் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. தகப்பனாரின் கடைசிக் காலத்தில் அவரைப் பார்க்கத் திருச்சிப் பக்கம் போனவர், மழையும் நோயும் மறிக்கப் பதினான்கு மாதம் கழித்தே திரும்பினாராம். வதிவிடம் அறுந்தது அவ்வாறே.

“அரிசிக்கும் துணிக்கும் வரி குடுக்காத நாளே இல்ல தம்பி. ஒருத்தரும் சீட்டுக் குடுக்கல” என்றார் அவர். ஆத்திரமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்புவிப்பவர் போலச் சொன்னார்.

1964 அக்டோபர் 30ஆம் திகதிய ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை நாடற்றோர் எனக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்குமாகப் பிரித்தது. மிகுதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. பின்னர் 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்களே பிரச்சினையை முடிவுக்குக் கொண்டுவந்தன. 1988ஆம் ஆண்டு ஏற்பாட்டில் சத்தியக் கடதாசியே போதுமான சான்றாயிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரஜைகளாக ஏற்றது. 1949இல் மலைபோல் நின்ற சான்றுச் சுமை, மனம் வந்தபோது ஒரு சத்தியக் கடதாசியளவுக்குச் சுருங்கியது. எவ்வளவு சான்று தேவை என்பது அரசியல் தீர்மானம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கனடா: சாட்சியாக இருந்தது நிபந்தனையானது

1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் ஆயிரக்கணக்கில் நம்மவர் கனடா சென்றனர். அவர்கள் சென்றபோது அங்கு நடைமுறையில் இருந்தது 1977ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் வதிந்திருக்க வேண்டும் என்றது அது. வதிதல் என்றால் என்ன என்பதை அது தெளிவாக வரையறுக்கவில்லை. 1978இல் நீதியரசர் தேர்லோ, வெளிநாட்டிற் கல்வி கற்கச் சென்றிருந்த மாணவர் ஒருவரின் வழக்கில், வீடும் வாழ்வும் கனடாவை மையமாகக் கொண்டிருந்தால் உடல் அங்கில்லாத காலமும் வதிவிடமாகக் கொள்ளப்படலாம் எனத் தீர்ப்பளித்தார். 1993இல் வேறொரு நீதியரசர், உடலால் அங்கிருந்த நாட்களையே எண்ணவேண்டும் என்றார். ஒரே சட்டத்துக்கு நீதிபதிக்கு நீதிபதி வேறுபட்ட அளவுகோல்கள் பல ஆண்டுகள் நிலவின.

அக்காலத்தில் வரிக் கடதாசி பல சாட்சிகளுள் ஒன்றாக மட்டுமே இருந்தது. வங்கிக் கணக்கு, வாகன அனுமதிப் பத்திரம், சுகாதார அட்டை ஆகியவற்றுடன் வரிமதிப்பீட்டு அறிவித்தலும் கேட்கப்பட்டது. இவை யாவும் ஒருவர் நாட்டில் இல்லாதபோதும் இருக்கக்கூடிய அடையாளங்களே என்று நீதிமன்றங்கள் சில வேளைகளில் ஒதுக்கியதும் உண்டு.

2014 ஜூன் மாதம் நிறைவேறி 2015 ஜூன் 11ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் நிலைமையை மாற்றியது. ஆறு ஆண்டுகளில் 1,460 நாட்கள் உடலால் இருத்தல் வேண்டும் என்றதோடு, நான்கு வரியாண்டுகளுக்கு விபரத்திரட்டுச் சமர்ப்பித்திருக்க வேண்டும் என்பதையும் அது தனி நிபந்தனையாக்கியது. 2017 அக்டோபர் 11ஆம் திகதி முதல் அது தளர்த்தப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்களும், அதே ஐந்து ஆண்டுகளுக்குள் அடங்கும் மூன்று வரியாண்டுகளுக்கான விபரத்திரட்டும் இருந்தால் போதும் என்றாயிற்று. சாட்சிக் கூண்டில் நின்றிருந்த வரிக் கடதாசி இவ்வாறு வாசற் காவலாளியாகிவிட்டது.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, வருமான வரிச் சட்டத்தின்படி சமர்ப்பிக்கக் கடமைப்பட்டிருந்தால் மாத்திரமே இந்நிபந்தனை பொருந்தும். வருமானம் இல்லாத முதியவரையோ இல்லத்தரசியையோ வெளியேற்றுவது அதன் நோக்கமன்று. இரண்டாவது, சட்டம் கேட்பது விபரத்திரட்டைச் சமர்ப்பித்தீரா என்பதை. எவ்வளவு வரி செலுத்தினீர் என்பதையன்று. குறைந்த வருமானம் பெற்றவரும் செல்வந்தரும் இந்த வாசலில் ஒன்றே. 1949ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம் வருமானத்தின் அளவைக் கேட்டதுடன் இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

ஆயினும், இந்த நிபந்தனை யாரை வருத்துகிறது என்பதையும் கூறவேண்டும். புதிதாகச் செல்பவர் உணவகச் சமையலறையிலோ துப்புரவு வேலையிலோ கைக்காசுக்கு வேலை செய்வது புதுமையன்று. முதலாளி சம்பளச் சீட்டுத் தருவதில்லை. வரி பிடிப்பதில்லை. தொழிலாளி அதனை இலாபம் என்றே எண்ணுகிறார். ஆண்டுக்கணக்கில் உழைத்து, வாடகை கொடுத்து, கடையிலே வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் விற்பனை வரி கொடுத்து வாழ்ந்தும், அரசின் கோவையில் அவர் இல்லாதவராகவே இருக்கிறார். லயத்து முதியவரின் கதையைக் குளிர் நாட்டுக்குக் கொண்டுபோய் வைத்தது போன்றது இது. ஒரு வேறுபாடுண்டு. முதியவருக்குத் தெரிவு இருக்கவில்லை. இவருக்கு, முழுமையாக இல்லாவிடினும், ஓரளவு தெரிவு உண்டு.

நடத்தைக்குச் சான்று கேட்கும் நாடுகள்

கனடாவில் வரி விபரத்திரட்டு ஒரு தனி நிபந்தனை. வேறு சில நாடுகளில் அது நடத்தைச் சான்றிதழாகப் பார்க்கப்படுகிறது.

சுவிற்சர்லாந்தில் நம்மவர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். அங்கு 2018 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய குடியுரிமைச் சட்டம், பத்தாண்டு வதிவிடத்தையும் சி வகை வதிவிட அனுமதியையும் கேட்கிறது. பொதுக் கடப்பாடுகளை வேண்டுமென்றே நிறைவேற்றாதவர் நாட்டுடன் ஒருங்கிணைந்தவராகக் கொள்ளப்படமாட்டார். வரி நிலுவை அத்தகைய கடப்பாடுகளுள் ஒன்று. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சி அனுமதி இல்லாத வெளிநாட்டவரின் வரி பொதுவாகச் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். வரி என்பது முதலாளி பார்த்துக்கொள்ளும் விடயம் என்ற பழக்கம் அதனால் ஏற்படுகிறது. சி அனுமதி கிடைத்ததும் தாமே படிவம் நிரப்பி, தாமே பணம் கட்டவேண்டிய நிலை வருகிறது. அந்த முதல் ஆண்டுகளிற் கடிதங்களைத் திறக்காமல் வைத்தவர்கள், கடன் அறவீட்டுப் பதிவேட்டில் தமது பெயர் இருப்பதைக் குடியுரிமை கேட்கும்போது கண்டு திகைக்கின்றனர்.

பிரித்தானியாவில் நடந்தது இன்னும் கடுமையானது. முதலாம் அடுக்கு விசாவில் இருந்த திறன்மிகு தொழிலர் பலர், தென்னாசியரே அவர்களுட் பெரும்பாலோர், நிரந்தர வதிவிடம் கேட்டபோது அவர்களது இரண்டு கணக்குகள் ஒப்பிடப்பட்டன. விசா நீடிப்புக்காக உள்துறை அமைச்சுக்குக் காட்டிய சுயதொழில் வருமானம் ஒன்று. வரித் திணைக்களத்துக்குக் காட்டிய வருமானம் இன்னொன்று. வேறுபாடு கண்ட இடத்தில், குடிவரவு விதிகளின் 322(5)ஆம் பந்தியின் கீழ், நாட்டில் இருக்கத் தகாத நடத்தையுடையோர் என்ற முத்திரையுடன் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. சிலர் உண்மையிலேயே இரட்டைக் கணக்கு வைத்திருந்தனர். வேறு சிலரது விடயத்தில் அது கணக்காளரின் தவறாகவோ, காலத்தாழ்ந்த திருத்தமாகவோ இருந்தது. 2019 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பாலாஜிகாரி வழக்கில் ஒரு முக்கியமான கோட்டைக் கீறியது. கணக்கில் வேறுபாடு இருப்பது மாத்திரம் நேர்மையீனத்தை நிரூபிக்காது. அவ்வாறு முடிவெடுக்குமுன் விண்ணப்பதாரிக்கு விளக்கமளிக்கும் வாய்ப்புக் கொடுக்கப்பட வேண்டும் என்பதே அது.

ஐக்கிய அமெரிக்காவின் ஒழுங்குவிதி ஒன்று, நமது நாணயக் கட்டுப்பாட்டுப் படிவத்தின் உடன்பிறப்பு என்றே கூறலாம். நிரந்தர வதிவிட உரிமை பெற்ற ஒருவர், வரிச் சலுகைக்காகத் தம்மை நாட்டில் வதியாதவர் என்று படிவத்திற் குறித்தால், அல்லது அக்காரணத்தால் விபரத்திரட்டே அனுப்பாது விட்டால், அவர் அந்த உரிமையைக் கைவிட்டுவிட்டார் என்ற அனுமானம் எழும். மறுப்பதற்கு அவருக்கு வழியுண்டு. ஆனால், நிரூபிக்கும் சுமை அவர் தலையிலேயே இறங்கும். ஐம்பதுகளில் கொழும்பு விசாரணை மேசையில் நடந்ததுவும் இதுவே.

வரலாறு தரும் கணக்கு

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. வரிக் கடதாசியைக் குடியுரிமைக்கு அளவுகோலாகக் கொள்வதில் நியாயம் உண்டு. அது நிறம் பார்ப்பதில்லை, சாதி பார்ப்பதில்லை, அதிகாரியின் முகக்குறிப்பை நம்பியிருப்பதில்லை. மூன்று ஆண்டு விபரத்திரட்டு இருக்கிறது என்றால் இருக்கிறதுதான். பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்பதைவிட இது நூறு மடங்கு நேர்மையான கேள்வி.

ஆனால், அக்கேள்வி நேர்மையாவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. கடதாசியை ஆக்கும் வாய்ப்பு அனைவருக்கும் இருந்திருக்க வேண்டும். மலையக மக்களிடம் வரி வாங்கப்பட்டது. வரிப் பதிவில் அவர்களது பெயர் மட்டும் இடம்பெறவில்லை. அவர்கள் பறித்த கொழுந்தின் மீதான ஏற்றுமதித் தீர்வையாற் சுதந்திர இலங்கையின் திறைசேரி வாழ்ந்தது. அத்தீர்வைப் பதிவேடுகளில் இருந்ததோ ஏற்றுமதி செய்த கம்பனிகளின் பெயரே. கொழுந்து பறித்தவளின் பெயருக்கு அங்கே நிரல் எதுவும் இருக்கவில்லை.

வெளிநாட்டில் இருப்போர் இதிலிருந்து நடைமுறையாகக் கொள்ள வேண்டியவை சில. வருமானம் குறைவெனினும், ஏன், எதுவுமே இல்லையெனினும், விபரத்திரட்டை உரிய காலத்தில் அனுப்பிவிடுவது நன்று. கனடாவிற் பிள்ளைகளுக்கான கொடுப்பனவும் அதைப் பொறுத்தே கிடைக்கிறது. மதிப்பீட்டு அறிவித்தல்களை ஆண்டு வாரியாகச் சேர்த்து வைக்க வேண்டும். வீட்டுக் கடனுக்கு ஒரு வருமானம், வரிக்கு இன்னொரு வருமானம், உறவினரை அழைப்பிக்க மூன்றாவது வருமானம் என்று எழுதுவோர், அவை மூன்றும் ஒரே மேசையில் என்றோ ஒருநாள் சந்திக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிழை நேர்ந்திருந்தால், குடியுரிமை விண்ணப்பத்துக்கு முன்னரே, தகுதிவாய்ந்த கணக்காளர் மூலம் அதனைத் திருத்திக்கொள்வது மேல். பிறர் நிரப்பித் தரும் படிவத்தை வாசியாமல் ஒப்பமிடுவது எக்காரணத்தாலும் ஆகாது. கைநாட்டு இட்ட தலைமுறைக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தது. நமக்கு அந்தச் சாட்டு இல்லை.

மலையகத்து இளையோருக்கும் ஒரு வேண்டுகோள். 1949க்கும் 1951க்கும் இடையில் உங்கள் பாட்டனார் சமர்ப்பித்த விண்ணப்பத்தின் பிரதியோ, ஆணையாளரின் பதிற் கடிதமோ, பழைய கூப்பன் மட்டையோ வீட்டுப் பரணில் இருந்தால், அதனைக் குப்பையில் இடாதீர்கள். அன்று அக்கடதாசிகள் போதாதவை என்று நிராகரிக்கப்பட்டன. இன்று, அந்த மக்கள் இந்நாட்டில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கூறுவதற்கு எஞ்சியிருக்கும் சாட்சிகள் அவையே. பிரதியெடுத்து, திகதி குறித்து, இன்னாருடையது என்று பின்புறத்தில் எழுதி வையுங்கள்.